கல்யாணப் பத்திரிகையில் நீர்மூழ்கி

மகனே,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. எழுத்து பெரிதாக இருக்கும், கோட்டை விட்டு மேலே ஏறும், திடீரென்று கீழே இறங்கும், பொறுத்துக்கொள். ஒரு பக்கம் முடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், காலைப்பொழுதுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று பார்த்தால் ஃபேன் ஓடும் சத்தம்தான். இப்போது எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். அதனால் வீட்டில் ஒரு பேச்சுக் குரல் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆமாம், ஆகித்தான் விட்டது. எனக்கு எழுத வந்துவிட்டது.

நீ இப்போது எந்தக் கடலில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் உங்கள் சட்டம். நீ உள்ளே போன பிறகு இங்கே உன் கல்யாண விஷயத்தில் ஒன்று நடந்துவிட்டது. நடத்தியது நான்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை, சந்தோஷத்தில் செய்தேன். இப்போது அந்தக் கல்யாணம் நிற்குமா நடக்குமா என்பது நீ மேலே வந்து செய்யப்போகும் ஒரு காரியத்தில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மற்றதை நீ படிக்க மாட்டாய். நான் இவ்வளவு பாடுபட்டு எழுதியது வீணாகப் போய்விடும்.

உனக்கே தெரியும், பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. நீ போன லீவில் வந்தபோது நான் அ, ஆ போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். உப்புப் பாக்கெட்டைப் படிக்கிறேன், கரண்ட் பில்லைப் படிக்கிறேன், சலூன் கடைக் கண்ணாடியில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். திருப்போரூர் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் சீட்டுத்தான். இத்தனை வருஷமாக அந்த ரோட்டில் போயிருக்கிறேன், அங்கே இவ்வளவு எழுத்து இருப்பது தெரியாமலே போய்விட்டது. 'மனைகள் விற்பனைக்கு, மனைகள் விற்பனைக்கு' என்று வழி நெடுக வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர், "இன்னா பெரியவரே, எத்தினி கிரவுண்டு வாங்கப் போறீங்க?" என்றார். "வாங்கலப்பா, படிச்சிகினு வரேன்" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வகுப்பில் என்னோடு மீன் விற்கும் பச்சையம்மாவும் படிக்கிறது. அது வாய் சும்மா இருக்காது. முதல் நாளே, "இன்னாண்ணா, இந்த வயசுல படிச்சிகினு கலெக்டராவா ஆவப்போற?" என்றது. "பஸ் போர்டு படிச்சா போதும்மா" என்றேன். "அதுக்கு இன்னாத்துக்கு எழுத்து, கண்டக்டரு தொண்ட கிழிய கத்துறான் இல்ல?" என்றது. ஆனால் ஒரு நாள் விடாமல் வருகிறது. ஒரு சாயங்காலம் டீச்சரம்மா, அவரவர் பிள்ளைகள் செய்யும் வேலையை எழுதச் சொன்னார். பச்சையம்மா 'மெக்கானிக்' என்று எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் சப்மரின் என்று எழுத ஆரம்பித்து நடுவில் மாட்டிக்கொண்டேன். டீச்சரம்மா பார்த்துவிட்டு, "அதுக்குத் தமிழ்லயே நல்ல சொல் இருக்கே" என்று போர்டில் எழுதினார். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். நீர். அது சரி. அடுத்தது மூ, ழ், கி. மூழ்கி. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

"இன்னாண்ணா சிரிக்கிற?" என்றது பச்சையம்மா.

"இது என் வேலம்மா. என் பையன் வேலன்னு எழுதிகீறாங்க."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே நான் கிணற்று வேலையை விட்டுவிட்டேன். அதனால் உனக்கு அது கதைபோலத்தான் தெரியும். திருக்கழுக்குன்றத்திலிருந்து திருப்போரூர் வரைக்கும் யார் நிலத்துக் கிணற்றில் மோட்டார் பைப் அடைத்துக்கொண்டாலும், எந்த வீட்டுக் கிணற்றில் குடமோ தவலையோ விழுந்தாலும் ஆள் அனுப்புவார்கள். பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி விட்டுத் துழாவிப் பார்ப்பார்கள், அதில் சிக்காததை எடுக்க நான். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவேன். கீழே இருட்டு. கைதான் கண். சேற்றைத் தடவித் தடவி வேலையை முடித்துவிட்டு மேலே வருவேன். அந்த வேலைக்கு ஊரில் பெயர் என்று எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. 'முங்குற ஆளக் கூப்புடு' என்பார்கள், அவ்வளவுதான். இப்போது பார்த்தால் அதற்கு இவ்வளவு மரியாதையான பெயர் போர்டில் இருக்கிறது. அதையே ஒரு பெரிய இரும்புக் கப்பலுக்கும் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கப்பலுக்கு யார் எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று டீச்சரம்மாவைக் கேட்டேன். மறுநாள் பார்த்துக்கொண்டு வந்து சொன்னார். சப்மரின் என்பது இங்கிலீஷில் பிறந்த சொல் இல்லையாம். லத்தீன் என்று ஒரு பழைய பாஷையில் 'சப்' என்றால் கீழே, 'மரே' என்றால் கடல். முதலில் கடலுக்கு அடியில் இருக்கும் எதற்கும் அந்தச் சொல்லைச் சொன்னார்களாம், பாசிக்கும் சொன்னார்கள், பாறைக்கும் சொன்னார்கள். அப்புறம் இந்தக் கப்பல் வந்ததும் அதற்கே பெயராகி நின்றுவிட்டது. ஜெர்மனிக்காரர்கள் கடலடிப் படகு என்கிறார்களாம். உடனே எனக்கு நீ சொன்னது நினைவுக்கு வந்தது. நீங்கள் யாரும் அதைக் கப்பல் என்று சொல்வதில்லை, போட் என்றுதான் சொல்வீர்கள் என்றாய். உன்னோடு வேலை செய்யும் வடக்கத்திப் பையன் வீட்டில் அதைப் பன்டுப்பி என்பார்கள் என்றும், பானி என்றால் தண்ணீர், டுப் என்றால் முழுகுவது என்றும் சொன்னாய். அவன் ஊரில் தண்ணீரில் முங்கி மீன் பிடிக்கும் ஒரு பறவைக்கும் அதே பெயர், கிணற்றில் முழுகிப் பொருள் எடுப்பவனுக்கும் கிட்டத்தட்ட அதே பெயர் என்றாய். நான் அப்போது அதைக் காதில் போட்டுக்கொண்டதோடு சரி. இப்போது அதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊர், அங்கேயும் கிணறு இருக்கிறது, குடம் விழுகிறது, ஒருத்தன் உள்ளே போகிறான். அவன் பெயரையே எடுத்துக் கப்பலுக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒன்று கவனித்தாயா? இங்கிலீஷ்காரர் பெயரும் ஜெர்மனிக்காரர் பெயரும் அது எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. நம் பெயரும் இந்திக்காரர் பெயரும் அது என்ன செய்கிறது என்று சொல்கின்றன. எங்கே என்று கேட்டால் மனிதனுக்குப் பயம் வருவதில்லை. என்ன செய்கிறது என்று கேட்டால்தான் வருகிறது. எனக்கு வரவில்லை, ஏனென்றால் நானே செய்த வேலை. மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டிய நாள் வந்தது. நீ போகும்போது, "மேட்டர் எல்லாம் நீயே பாத்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய். யாரையாவது எழுதச் சொல்லு என்ற அர்த்தத்தில் சொன்னாய். நான் நானே எழுதுவது என்று எடுத்துக்கொண்டேன். நம் பக்கம் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே வேலையைப் போடாமல் பத்திரிகை அடிக்க மாட்டார்கள். வேலை இல்லாதவனுக்குக்கூடத் தொழிலதிபர் என்று போடுவார்கள். நான் திருவளர்செல்வன் என்று எழுதினேன், உன் பெயரை எழுதினேன், அதன் கீழே 'நீர்மூழ்கிக் கப்பல் வீரர்' என்று எழுதினேன். அந்த ழகரத்தை நான்கு தடவை அழித்து எழுதினேன் மகனே. புதுப்பட்டினத்தில் அச்சகத்துக்காரர் பார்த்துவிட்டு, "பெரியவரே, இண்டியன் நேவின்னு இங்கிலீஷ்ல போட்டா கெத்தா இருக்கும்" என்றார். "நான் எழுதுனத போடுப்பா" என்றேன். அச்சில் என் எழுத்தைப் பார்க்கும் ஆசையில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மாதிரித் தாளை எடுத்து ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றைப் போட்டோ பிடித்து உன் மாமனார் வீட்டுக்கு அனுப்பினார். நான் அந்தத் தாளைப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் படித்தேன். பக்கத்தில் இருந்தவருக்கும் படித்துக் காட்டினேன்.

மறுநாள் காலையில் நாஸ்தாவுக்கு இட்லி வாங்கிக்கொண்டு வந்து பிரிக்கிறேன், வாசலில் ஏழுமலை நிற்கிறார். உன் மாமனார் ஆகப்போகிறவர் முன்னறிவிப்பு இல்லாமல் திருப்போரூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். உட்காரவும் இல்லை.

"சம்மந்தி, இன்னா இது?"

"பத்திரிகை."

"அது எனக்கும் தெரியுது. மாப்ள பேருக்குக் கீழ இன்னா போட்டுகீறீங்க?"

"அவன் வேல."

"வேலையா? மூழ்கின்னு போட்டுகீது! கல்யாணப் பத்திரிகையில போடுற வார்த்தையா இது? எங்க வூட்டு பொம்பளைங்க அத்த பாத்துட்டு அடுப்பு பத்த வெக்காம குந்திகினுகீறாங்க."

"நிச்சயத்தப்பவே சப்மரின்னு அவன் வாயாலயே சொன்னான் இல்ல?"

"சொன்னாரு. நானும் தலைய ஆட்டினேன். சப்மரின்னா நான் இன்னாத்த கண்டேன்? கப்பலுக்குப் பேரு போலன்னு நெனச்சேன். வெள்ள சட்ட போட்டுகினு மேல நிக்கிற கப்பலு."

"மேல நிக்காது. அடியில போவும்."

"அடியிலன்னா எம்மாந்தூரம்?"

"அத்த சொல்ல மாட்டான். சொல்லக்கூடாது."

ஏழுமலை அப்போதுதான் உட்கார்ந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீ எதையும் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. நிச்சயத்தில் எல்லாரும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அந்த இங்கிலீஷ் சொல்லைக் கேட்டோம், எல்லாருக்கும் பிடித்திருந்தது. தமிழில் எழுதியதும்தான் அவர் வீட்டில் அதற்கு அர்த்தம் வந்திருக்கிறது. நான் என் புதுப் படிப்பைக் கொண்டு அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். கிணற்றில் நானே செய்த வேலைதான் இது என்றேன். மூழ்கிவிட்டது என்று சொன்னால்தான் கெட்டது, மூழ்கி என்றால் அது தொழில், மரங்கொத்தி என்கிறோம் இல்லையா, அதற்கு மரத்தைக் கொத்துவது தொழில், அதுபோல என்றேன்.

"மரங்கொத்திக்கு நான் பொண்ணு குடுக்கல சம்மந்தி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "அந்த வார்த்தய எடுத்துடுங்க. கடற்படைன்னு போடுங்க. மீதிய நாங்க வூட்ல பேசிகினு சொல்றோம்" என்றார். மீதி என்றால் என்ன என்று கேட்டேன். "கல்யாணத்த" என்றார். நான் இட்லியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் சாப்பிடாமல் போய்விட்டார். அச்சகத்துக்குப் போன் போட்டு அப்படியே நிறுத்தி வை என்றேன்.

அந்த வாரம் எனக்கு நீண்டு போனது. யாரிடம் பேசுவது? உன் அம்மா இருந்தால் ஒரே நாளில் திருப்போரூர் போய், அந்த வீட்டுப் பெண்களோடு அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, கையில் முருங்கைக்காயோடு திரும்பி வந்திருப்பாள். நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். வகுப்புக்குப் போனேன், டீச்சரம்மா எழுதச் சொன்னதை எழுதினேன், பச்சையம்மா சீண்டியதற்குப் பதில் சொல்லவில்லை. "இன்னாண்ணா, பேஜாராகீறியா?" என்று கேட்டுவிட்டு அதுவும் சும்மா இருந்துவிட்டது. படிக்கத் தெரிந்ததில் ஒரு கஷ்டம் உண்டு என்று அந்த வாரம் தெரிந்தது. அந்த மாதிரித் தாள் மேசைமேல் கிடந்தது. பார்க்க வேண்டாம் என்று நினைத்தாலும் கண் படித்துவிடுகிறது. முன்னே அது கறுப்புக் கோடு, இப்போது உன் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை தேவகி வந்தாள். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் தன்னந்தனியாக, ஸ்கூட்டியில், அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவள் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு அன்றைக்கு விடுமுறை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே, "மாமா, நேரா கேக்குறேன், கோச்சிக்காதீங்க" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. உட்காரச் சொல்லி டீ போட்டேன். சர்க்கரை அதிகமாகப் போட்டுவிட்டேன், அவள் சொல்லாமல் குடித்தாள்.

"அவரு உள்ள போனா எவ்ளோ நாள் ஆவும்?"

"தெரியாதும்மா."

"எங்க போவாங்க?"

"தெரியாது."

"நடுவுல யாராவது போன் பண்ணி, நல்லாகீறாருன்னு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்கம்மா."

"அப்ப உங்களுக்கு இன்னாதான் மாமா தெரியும்?"

"அவன் எங்க போனாலும் நல்லா சாப்டுவான். அது தெரியும்."

சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அந்த மாதிரித் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா சொன்னாரு, இது நீங்க செஞ்ச வேலையாமே" என்றாள். நான் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றையும் சொன்னேன், அதை இங்கேயும் எழுதுகிறேன். நான் உள்ளே போகும்போது இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறு முனை உன் அம்மா கையில். கிணற்று மேட்டில் அவள் உட்கார மாட்டாள், தண்ணீர் குடிக்க மாட்டாள். நான் மேலே வந்த பிறகுதான் இரண்டும். எந்த நிலத்துக்காரர் வீட்டில் மோர் கொடுத்தாலும் கீழே வைத்துவிடுவாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருந்தது. ஒருநாள் ஒரு நிலத்துக்கார அம்மா என்னிடம் சொன்னார். "உன் பொண்டாட்டி, நீ முங்குனா அதுவும் மூச்ச புடிச்சிகினு நிக்குதுப்பா. முடியலன்னா ஒரு வாய் காத்து இழுத்துகினு மறுபடியும் புடிக்குது. ஏம்மா இப்டி பண்றேன்னு கேட்டேன். அவருக்கு இல்லாத காத்து எனக்கு இன்னாத்துக்குன்னு சொல்லுது."

தேவகி கையில் இருந்த தாளை மேசைமேல் வைத்தாள். பிறகு, "அத்தைக்கு எப்டி இருந்திருக்கும் மாமா, மேல?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. நான் கீழ இருந்தேன்" என்றேன்.

அது உண்மை மகனே. நான் உன் அம்மாவை ஒருநாளும் கேட்டதில்லை. மேலே வந்ததும் குடம் கிடைத்ததா, பைப் சரியானதா என்றுதான் பேச்சு. கீழே இருப்பவனுக்கு வேலை இருக்கிறது. கையை எங்கே வைப்பது, எதைப் பிடிப்பது என்று அவன் நினைப்பெல்லாம் அதில் போய்விடும். நேரம் போவதே தெரியாது. மேலே நிற்பவளுக்குக் கயிறு மட்டும்தான். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ இந்த வேலைக்குப் போன பிறகுதான் நான் கற்றுக்கொள்கிறேன். அவளுக்காவது கயிறு இருந்தது. நான் டீச்சரம்மாவிடம் ஒன்று கேட்டேன். கீழே போகிறவனுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது, இந்தியில் இருக்கிறது, மேலே நிற்கிறவர்களுக்கு ஏதாவது பாஷையில் பெயர் இருக்கிறதா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

உனக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கட்டிக்கொள்கிறவளிடம் எதையும் லேசாக்கிச் சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். அவள் கேட்கும்போது எரிச்சல்படாதே, கேட்பதை நிறுத்திவிட்டால்தான் பயப்பட வேண்டும். நீ மேலே வந்ததும் உன் கதையைச் சொல்லுவதற்கு முன்னால் அவள் கதையைக் கேள். நீ கீழே இருந்த நாளெல்லாம் அவள் எப்படி இருந்தாள் என்று கேள். நான் கேட்காமல் விட்டுவிட்டேன், இப்போது கேட்க ஆள் இல்லை.

தேவகி கிளம்புவதற்கு எழுந்தாள். ஹெல்மெட்டைப் போடப் போனவள் நின்று, "மாமா, அவரு மேல வந்ததும் மொதல் போன் யாருக்குப் பண்ணுவாரு?" என்றாள்.

"எனக்குத்தாம்மா" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. பெருமையாகக்கூடச் சொல்லிவிட்டேன்.

"இனிமே?"

கையில் இருந்த டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கெட்டிக்காரி, என்னை நெருக்கவில்லை. "அந்த வார்த்தய எடுக்காதீங்க மாமா. நான் வந்தா அத்தோடதான் வருவேன். வரலன்னா எந்த வார்த்த இருந்தா இன்னா? அப்பா கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். பிறகு, "என் பதில உங்க கிட்ட சொல்ல மாட்டேன். அவரு கிட்டதான். அவரு மொதல்ல எனக்குப் போன் பண்ணட்டும், அப்ப சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்பினாள். அதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், ஆனால் அதை எழுத மாட்டேன். அது அவள் சொல்ல வேண்டியது.

அவள் போன பிறகு இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை. ஒரு போன்தானே என்று நீ நினைப்பாய். அந்தப் போன் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியாது, நீ அந்தப் பக்கத்தில் இருக்கிறாய். "அப்பா, நான்தான், வந்துட்டேன்" என்று நீ சொல்வாய். அவ்வளவுதான் சொல்வாய், அதற்குள் பின்னால் யாரோ கூப்பிடுவார்கள், வைத்துவிடுவாய். அந்த மூன்று சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் அன்றைக்குச் சோறு வடிப்பேன். அதை இன்னொருவருக்குக் கொடு என்றால் கை நீளவில்லை. இரண்டு நாள் கழித்து நீண்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கரையில் இறங்கியதும் முதலில் கடிதங்களைத்தான் கொடுப்பார்கள், லாக்கரில் இருக்கும் போன் கைக்கு வர நேரமாகும் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதனால் இதை நீ போன் வருவதற்கு முன்னால் படித்துக்கொண்டிருப்பாய். போன் வந்ததும் எனக்குப் பண்ணாதே. தேவகிக்குப் பண்ணு. அவள் மருந்துக் கடையில் இருந்தாலும் எடுப்பாள், எடுக்காவிட்டால் எடுக்கும்வரை பண்ணு. அவள் பதிலைக் கேள். அவள் சரி என்று சொன்னால் அச்சகத்துக்காரரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், உன் பெயருக்குக் கீழே நான் எழுதியது அப்படியே இருக்கும். வேண்டாம் என்று சொன்னாலும் கோபப்படாதே, அவளை நன்றாக இருக்கச் சொல்லிவிட்டு வை. ஒருத்தி மேட்டில் நிற்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்வது நல்ல குணம்தான்.

என்னைப் பற்றி யோசிக்காதே. உனக்குத் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். தினமும் சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பும் முன்னால் உன் நம்பருக்குப் போடுவேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் போனில் வரும் பெண் குரல் சொல்லும். முழுவதும் கேட்டுவிட்டு வைப்பேன். இந்த வீட்டில் என்னோடு தினம் பேசுவது அந்தக் குரல்தான். இனிமேலும் போடுவேன். ஒருநாள் அது வேறு மாதிரிச் சொல்லும், நீங்கள் அழைப்பவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று. அப்போது நீ மேலே வந்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டு, நான் சோறு வடிக்கப் போவேன். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள்.

உன் அப்பா,
தன் கையால்.